கையெழுத்துப் போடாதவர்களைத் தேடி ஒரு பயணம்

ஜூலை 8, செவ்வாய் – பிலடெல்பியா

காலை ஒன்பது மணிக்கே துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அது நனைந்துவிட்டது. சுதந்திர மண்டபத்தின் வாசலில் நிழல் என்று எதுவும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், கேட்காமலேயே தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போகும்போது மட்டும் தலையசைத்துவிட்டு நடந்தார்.

உள்ளே போக முன்பதிவுக்கு ஆளுக்கு ஒரு டாலர், அவ்வளவுதான். 1787இல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய கூட்டம் நடந்த அறையைப் பார்த்ததும் முதலில் மனதில் பட்டது அதன் அளவு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய வகுப்பறைகள் உண்டு. பச்சைத் துணி விரித்த மேசைகள், இறகுப் பேனாக்கள், முன்னால் வாஷிங்டன் உட்கார்ந்த உயரமான நாற்காலி. அதன் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. மற்ற சாமான்கள் அந்தக் காலத்தவைதான் என்றாலும் இங்கே இருந்தவை அல்ல. நாற்காலி மட்டும் அசல். அண்ணன் மகன் அதைப் பார்க்கத்தான் வந்தான். பார்த்துவிட்டான், முகத்தில் திருப்தி.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை இந்த அறைக்கு வந்துபோனவர்கள் 55 பேர். கோடை முழுக்கக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, வாசலில் காவல் போட்டு, வெளியே ஒரு சொல் போகக்கூடாது என்று விதி வைத்துக்கொண்டு பேசினார்கள். ரோடு ஐலண்ட் யாரையுமே அனுப்பவில்லை. புகழ்பெற்ற பேச்சாளர் பேட்ரிக் ஹென்றியை வர்ஜீனியா தேர்ந்தெடுத்தது, அவர் வர மறுத்தார். நியூயார்க்கிலிருந்து வந்த மூவரில் யேட்ஸ், லான்சிங் இருவரும் ஜூலையில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மேரிலாந்தின் லூதர் மார்ட்டினும் கடைசிவரை இருக்கவில்லை. மாநிலங்களை அதுவரை இணைத்திருந்த பழைய கூட்டாட்சி விதிகளைத் திருத்தத்தானே வந்தோம், புதிதாக ஒரு தேசிய அரசையே கட்ட யார் அதிகாரம் கொடுத்தது என்பது இவர்களுடைய கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

வழிகாட்டியாக வந்த பூங்கா ஊழியர் நல்ல உரத்த குரலில், குழந்தைகளை முன்னால் நிற்க வைத்துச் சொன்னார். கூட்டத்திலேயே மூத்தவர் பெஞ்சமின் பிராங்கிளினுக்கு அப்போது 81 வயது. கடைசி நாளில் அவர் எழுதிவந்த உரையை பென்சில்வேனியாவின் இன்னொரு பிரதிநிதி ஜேம்ஸ் வில்சன் படித்தார். இதில் எனக்குப் பிடிக்காத பகுதிகள் உண்டு, ஆனாலும் சம்மதிக்கிறேன், இதைவிட நல்லது கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அதன் சாரம். அப்படியும் அறையில் இருந்த மூன்று பேர் கையெழுத்துப் போடவில்லை. அந்த மூவர் பெயரையும் வழிகாட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டதே அந்த மூவருக்காகத்தான்.

மண்டபத்தின் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. பெரிய மரங்கள், மர பெஞ்சுகள். உள்ளே நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. அன்று இது அரசு மாளிகை முற்றம். 1787 அக்டோபர் 6 அன்று ஜேம்ஸ் வில்சன் இங்கேதான் பேசினார். மக்களின் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் உரிமைச் சாசனம் இந்தச் சட்டத்தில் ஏன் இல்லை என்று கேட்கிறீர்களே, கொடுக்காத அதிகாரம் மத்திய அரசிடம் இல்லை, பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே இல்லாத அரசிடம் பத்திரிகைச் சுதந்திரம் கேட்டு எதற்கு எழுதி வாங்க வேண்டும் என்று வாதாடினார். கேட்க அழகான வாதம். வகுப்பில் குடிமையியல் எடுத்த காலத்தில் நானும் இதை அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி யோசித்தபோது, இதைக் கேட்டுச் சமாதானமாகாமல் வீடு திரும்பிய மனிதர்கள்மேல்தான் மனம் போனது.

மதியம் ரீடிங் டெர்மினல் சந்தை. பழைய வாழ்க்கைமுறையை விடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெண்கள் வெள்ளைக் குல்லாயோடு நின்று மாவை உருட்டி முறுக்கி, பிரெட்செல் சுட்டு, வெண்ணெயில் தோய்த்துக் கொடுக்கிறார்கள். சூடாகச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். மாட்டிறைச்சி நான் சாப்பிடுவதில்லை, அதனால் ஊரே பெருமைப்படும் சீஸ்ஸ்டேக்கை அண்ணன் மகன் மட்டும் சாப்பிட்டான். ஒரு ரொட்டிக்குப் பதினைந்து டாலருக்கு மேல்.

ஜூலை 9, புதன் – பிலடெல்பியா

செங்கல் பாவிய பழைய தெருவில் செருப்பு வார் அறுந்தது. பக்கத்து மருந்துக்கடையில் ஆறு டாலருக்கு ரப்பர் செருப்பு கிடைத்தது. கடைப்பையன் உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டான். மீதி நாள் பட்பட்டென்று சத்தம் போட்டுக்கொண்டே நடந்தேன்.

தேசிய அரசியலமைப்பு மையத்தில் ஒரு கூடம் நிறைய வெண்கல மனிதர்கள். 42 பேர், ஆள் உயரத்தில், பீடம் எதுவும் இல்லாமல் தரையில் நிற்கிறார்கள். நாம் நடுவே நடந்து போகலாம், தோளில் கை போடலாம். கையெழுத்திட்ட 39 பேரோடு, மறுத்த மூவரையும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களுக்கு என் வணக்கம்.

வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஐந்தடி நான்கங்குலம் என்பார்கள். பிராங்கிளின் சிலையோடு படமெடுக்க வரிசையே நின்றது. நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டன் பக்கத்தில் இளைஞர்கள் கூட்டம். இவர் ஜூன் 18 அன்று ஒரு நாள் முழுக்கப் பேசியவர். ஜனாதிபதியும் மேலவை உறுப்பினர்களும் நன்னடத்தை உள்ளவரை ஆயுளுக்கும் பதவியில் இருக்கட்டும், பிரிட்டன் அரசமைப்பே உலகில் சிறந்தது என்றார். ஒருவரும் ஆதரிக்கவில்லை. கடைசியில் வந்த சட்டம் அவர் கேட்டதற்கு வெகு தூரம். ஆனாலும் கையெழுத்துப் போட்டார், ஊருக்குப் போய் அதற்கு ஆதரவு திரட்ட ஃபெடரலிஸ்ட் என்ற தொடரில் 51 கட்டுரைகள் எழுதினார். அதே தொடரில் மேடிசன் 29, ஜான் ஜே 5, ஆக மொத்தம் 85. தனக்கு முழுக்கப் பிடிக்காத ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு உழைத்தது எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிகிறது.

மறுத்த மூவரிடம் வருவோம். மூவரும் மூன்று விதம்.

எட்மண்ட் ராண்டால்ஃப் வர்ஜீனியாவின் ஆளுநர். மே 29 அன்று தேசிய அரசுக்கான திட்டத்தை எழுந்து நின்று முன்வைத்தவரே அவர்தான். செப்டம்பரில் கையெழுத்துப் போட மறுத்தார். மறு வருடம், சட்டத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய ரிச்மண்டில் கூடிய வர்ஜீனியா மாநாட்டில் அதே சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். எட்டு மாநிலங்கள் ஏற்றுக்கொண்டாயிற்று, இனி மறுத்தால் நாடே உடையும் என்பது அவர் சொன்ன காரணம். எல்பிரிட்ஜ் ஜெர்ரி மாசசூசெட்ஸ் வியாபாரி. எதையும் விடாமல் எதிர்த்தவர், பிற்பாடு அதே சட்டத்தின்கீழ் மேடிசனுக்குத் துணை ஜனாதிபதியானார். மூன்றாமவர் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். அவர் பக்கத்தில் நான் அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஒருவரும் வந்து படமெடுக்கவில்லை. அண்ணன் மகன்தான் என்னை அவரோடு நிற்கவைத்து எடுத்தான்.

ஜூலை 10, வியாழன் – நெடுஞ்சாலை 95

டெலவேர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. 1787 டிசம்பர் 7 அன்று 30க்கு 0 என்று இந்தச் சட்டத்துக்கு முதலில் ஒப்புதல் கொடுத்த மாநிலம் இது. சிறிய மாநிலத்துக்கும் மேலவையில் பெரியதற்குச் சமமான இடம் கிடைத்துவிட்டது. அதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

பால்டிமோர் நெருங்கும்போது வாடகைக் காரின் ஏசி நின்றது. வெளியே 36 டிகிரி. வாடகை நிறுவனத்துக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டு ஓடியது, அப்புறம் வேறொரு கிளைக்கு ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கே போனால் மாற்று வண்டி மாலைதான் வரும் என்றார்கள். பக்கத்துப் பெட்ரோல் பங்கில் இருந்த பெண் ஐஸ் கட்டி ஒரு பை நிறையக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். கழுத்தில் ஒற்றிக்கொண்டு ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தோம்.

மேசனும் பிலடெல்பியாவிலிருந்து கோபத்தோடு ஊர் திரும்பும் வழியில், பால்டிமோர் பக்கத்தில்தான் வண்டி கவிழ்ந்து காயம்பட்டார். இதைச் சொன்னபோது அண்ணன் மகன், "அத்தை, நல்ல நேரத்தில் நல்ல கதை சொல்கிறீர்கள்" என்றான்.

ஜூலை 11, வெள்ளி – கன்ஸ்டன் ஹால், வர்ஜீனியா

நேற்றைய வெயிலுக்கு இன்று மழை பதில் சொன்னது. மேசனின் வீடு போட்டோமாக் நதிப் பக்கம், காட்டுக்குள் இருக்கிறது. செங்கல் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் எளிமையானது. உள்ளே நுழைந்தால் மரச் செதுக்கல் கண்ணைப் பறிக்கிறது. எங்களோடு இன்னும் நான்கே பேர். வழிகாட்டிப் பெரியவர் கதவருகே ஒரு தொட்டியில் குடைகள் வைத்திருந்தார், எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது வையுங்கள் என்றார்.

எனக்குப் பார்க்க வேண்டியது மேசனின் சிறிய அறை. சாப்பாட்டு அறையாகவும் எழுதும் அறையாகவும் இருந்தது. சன்னல் வழியே தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் நதி. மேசனுக்குக் கீல்வாதம். அரசியல் கூட்டம் என்றாலே அலுப்பு, பதவிமேல் ஆசையே கிடையாது, வீட்டைவிட்டு நகரமாட்டார். அப்படிப்பட்டவர்தான் 1776இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். எல்லா மனிதரும் இயல்பில் சமமான சுதந்திரம் உடையவர்கள் என்று அது தொடங்கும்.

1787 செப்டம்பர் 12. நான்கு மாதக் களைப்பு, எல்லோருக்கும் வீட்டு நினைவு. அப்போது மேசன் எழுந்து, முகப்பில் ஒரு உரிமைச் சாசனம் சேர்ப்போம், மக்களுக்கு நிம்மதியாக இருக்கும், மாநிலப் பிரகடனங்களைப் பார்த்தால் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஜெர்ரி முன்மொழிந்தார், மேசன் வழிமொழிந்தார். மாநிலங்களின் பிரகடனங்களே போதும் என்றார் கனெக்டிகட்டின் ஷெர்மன். வாக்கெடுப்பில் பத்து மாநிலங்கள் வேண்டாம் என்றன. வேண்டும் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. மேசனின் வர்ஜீனியாவும் சேர்த்துத்தான் அந்தப் பத்து.

சில மணி நேரம்! அதைக் கொடுத்திருந்தால் அடுத்த இரண்டு வருடச் சண்டையில் பாதி இருந்திருக்காது.

அவரிடம் அச்சடித்துக் கொடுத்த வரைவு இருந்தது. அதன் பின்பக்க வெற்றிடத்திலேயே மேசன் தன் ஆட்சேபங்களை எழுதினார். முதல் வரியே உரிமைப் பிரகடனம் இல்லை என்பதுதான். ஏற்கெனவே ஆகஸ்ட் 31 அன்று, இப்போதிருக்கும் நிலையில் இதில் கையெழுத்திடுவதைவிட வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்து ஊர்க்காரர், பல வருட நண்பர் வாஷிங்டன். அந்த நட்பு அதோடு போயிற்று. வாஷிங்டனின் வீடான மவுன்ட் வெர்னன் இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. மேசன் 1792இல் இறக்கும்வரை பழைய நெருக்கம் திரும்பவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டியும் தயங்காமல் சொன்னார். இந்த வீட்டையும் புகையிலைக் காட்டையும் நடத்தியது அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். ஆகஸ்ட் 22 அன்று மேசன் அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் பேசிய பேச்சு, மாநாட்டின் கடுமையான பேச்சுகளில் ஒன்று. அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் பிறவியிலேயே ஒரு சிறு கொடுங்கோலன் என்றார். தன் அடிமைகளை அவர் விடுவிக்கவில்லை. உரிமை கேட்டுக் கையெழுத்தை மறுத்த அந்த மனிதருக்கு, தன் சமையற்கட்டில் நின்றவர்களின் உரிமை கண்ணில் படவில்லை. அவர்மேல் எனக்கு உள்ள மரியாதை இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. இதற்கு நான் சமாதானம் எதுவும் தேட விரும்பவில்லை.

இரவு சாப்பாடு ஒரு ஆந்திரா ஹோட்டலில். பருப்புப் பொடி, நெய், கோங்கூரா. சாப்பாடு 19 டாலர். போடப் போட வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூலை 12, சனி – மான்ட்பெலியர்

வழியில் சாலையோரம் பீச் பழக் கடை. கூடை பத்து டாலர். ஆள் இல்லை, ஒரு தகர டப்பாவும் "காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற அட்டையும் மட்டும். காரிலேயே பாதிக் கூடை காலி, கை முழுக்கச் சாறு.

மேடிசனின் வீட்டு மாடியில் ஒரு அறை, மேற்கே நீல மலைத்தொடர் தெரிகிறது. நண்பர் தாமஸ் ஜெபர்சன் பாரிஸிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பிய புத்தகங்களை வைத்துக்கொண்டு, கிரேக்கக் கூட்டமைப்புகளிலிருந்து டச்சுக்காரர்கள்வரை எந்தக் கூட்டாட்சி எதனால் விழுந்தது என்று மேடிசன் குறிப்பெடுத்தார். அந்தப் படிப்போடுதான் பிலடெல்பியா போனார். மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் தேசிய அரசுக்கு வேண்டும் என்று கேட்டார், தோற்றார். இரு அவைகளிலும் மக்கள்தொகைப்படி இடம் கேட்டார், ஜூலை 16 அன்று ஒரே ஒரு மாநில வித்தியாசத்தில் அதிலும் தோற்றார். இந்தச் சட்டத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர், தான் மிகவும் வேண்டியதைப் பெறாமல் திரும்பினார் என்பதை இந்த அறையில் நின்று நினைத்தபோது மனம் கனத்தது.

ஜெபர்சன் அப்போது பாரிஸில் தூதர். 1787 டிசம்பர் 20 அன்று மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் பிடித்தவற்றை முதலில் சொல்லிவிட்டு, பிடிக்காதது உரிமைச் சாசனம் இல்லாதது என்று நேராகச் சொன்னார். எந்த அரசிடமிருந்தும் மக்களுக்குக் கிடைக்க வேண்டிய உரிமை அது, நியாயமான அரசு எதுவும் மறுக்கக்கூடாது என்றார். ஒருவரே திரும்பத் திரும்ப ஜனாதிபதியாக வரலாம் என்பதும் அவருக்கு ஆகவில்லை. மேடிசன் மசியவில்லை. தாளில் எழுதிய வேலி பெரும்பான்மையைத் தடுக்காது என்பது அவர் அனுபவம்.

மேடிசன் மாறியது 1789இல். பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் மேடிசனுக்கு எதிராக நின்றவர் ஜேம்ஸ் மன்றோ, நண்பர், இந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். இருவரும் பனியில் சேர்ந்தே பயணம் செய்து ஒரு தேவாலய வாசலில் மக்கள் முன் விவாதித்தார்கள். திரும்பும் வழியில் குளிரில் மேடிசனின் மூக்கு பாதிக்கப்பட்டது, அந்தத் தழும்பைக் கிழவரான பிறகும் காட்டுவாராம். உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார், 336 வாக்கில் வென்றார். ஜூன் 8 அன்று சபையில் எழுந்து சொன்னபடி கொண்டுவந்தார். சக உறுப்பினர்கள் இப்போது இதற்கு என்ன அவசரம் என்றார்கள். விடவில்லை. 1791 டிசம்பர் 15 அன்று பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. நம் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் மூன்றாம் பகுதியாக முதல் நாளிலிருந்தே இருக்கின்றன, இந்தச் சண்டை நமக்கு மிச்சமானது.

சபை அந்தத் திருத்தங்களை நிறைவேற்றிய செய்தி கேட்டு மேசன் ஒரு கடிதத்தில் எழுதினார்: மிகவும் திருப்தி, இன்னும் இரண்டு மூன்று சேர்த்தால் இந்தப் புதிய அரசுக்கு மகிழ்ச்சியோடு கையும் மனமும் கொடுப்பேன். அந்த இரண்டு மூன்று வரவேயில்லை.

நிலவறையில் அடிமைகளின் வாழ்க்கை பற்றிய கண்காட்சி. மேலே இருந்ததைவிட அதிக நேரம் அங்கே நின்றோம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஒரு பத்தியில் அடங்காது.

இரவு தங்கியது ஒரு குஜராத்திக் குடும்பத்தின் மோட்டலில். சேலை கட்டிய பாட்டி, நாங்கள் கேட்பதற்கு முன்பே இஞ்சி டீ கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 13, ஞாயிறு – ரிச்மண்ட்

காலைச் சாப்பாட்டுக்குக் கிரிட்ஸ். வெள்ளை மக்காச்சோளக் குருணையை வெண்ணெய் போட்டுக் குழைய வேகவைத்தது. நம் வெறும் ரவை உப்புமாவைத் தாளிக்காமல் சாப்பிட்டதுபோல் இருந்தது. பரிமாறிய பெண், "பிடிக்கவில்லையா கண்ணே" என்று கேட்டு, மிளகாய்ச் சாறும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொட்டினார். அப்புறம் தட்டு காலி.

1788 ஜூனில் இந்தச் சட்டத்தை ஏற்பதா என்று வர்ஜீனியா கூடி விவாதித்த கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பிராட் தெருவில் நினைவுத் தேவாலயம் நிற்கிறது. 1811இல் அங்கே நாடகக் கொட்டகை தீப்பற்றி இறந்தவர்களுக்காகக் கட்டியது. சுற்றிலும் மருத்துவமனைக் கட்டடங்கள். கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்றுதான் பார்த்தோம்.

ஆதரவாக ஒரு பக்கம் மேடிசன், ராண்டால்ஃப், இளம் வழக்கறிஞர் ஜான் மார்ஷல். மறுபக்கம் மேசன், மன்றோ, எல்லோருக்கும் மேலே ஹென்றி. சட்டத்தின் தொடக்கத்தில் 'மாநிலங்களாகிய நாம்' என்று எழுதாமல் 'மக்களாகிய நாம்' என்று எழுத இவர்களுக்கு என்ன உரிமை என்று ஹென்றி கேட்டார். நாள் கணக்கில் பேசினார். மேடிசன் மெல்லிய குரலில், தொப்பிக்குள் வைத்த குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார், எழுதிக்கொண்டவர்களுக்கே பல இடங்களில் கேட்கவில்லை. ஜூன் 25 அன்று வாக்கெடுப்பு. 89க்கு 79. ஐந்து பேர் மாறியிருந்தால் விழுந்திருக்கும். நியூயார்க்கில் இன்னும் மோசம், 30க்கு 27.

தோற்கப்போவது தெரிந்த அன்று ஹென்றி சொன்னதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. நல்ல காரியத்தில் தோற்றேன் என்ற வலி இருக்கும், ஆனாலும் அமைதியான குடிமகனாகவே இருப்பேன், இந்த அமைப்பின் குறைகளை அரசியலமைப்பு வழியிலேயே நீக்கப் பாடுபடுவேன் என்றார். சுதந்திரம் அல்லது மரணம் என்று முழங்கிய அதே வாய். அந்த முழக்கம் எழுந்த செயின்ட் ஜான் தேவாலயம் இங்கிருந்து அதிக தூரமில்லை. கோடை ஞாயிறுகளில் அங்கே அதை நடித்துக் காட்டுகிறார்கள், கூட்டம் அலைமோதுகிறது. ஜூன் 25 பேச்சை யாரும் நடித்துக் காட்டுவதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் அண்ணன் மகன் கேட்டான். "அத்தை, நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?"

"போட்டிருக்க மாட்டேன்டா. மேசன் கேட்டது சில மணி நேரம்தானே?"

"நான் போட்டிருப்பேன். எல்லோரும் உங்களைப்போல மறுத்திருந்தால் பதின்மூன்று துண்டாகப் போயிருக்கும். அப்புறம் உரிமையை எந்த நாட்டின் சட்டத்தில் எழுதுவது?"

ராண்டால்ஃப் பேசியதும் ஏறக்குறைய இதுதான். நான் மேசன் பக்கம், அவன் ராண்டால்ஃப் பக்கம். பிரெடரிக்ஸ்பர்க் தாண்டும்வரை வாதாடினோம். அங்கே நெரிசலில் வண்டி நின்றது. மிச்சமிருந்த பீச் பழங்களை அரிந்து அவனுக்கும் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.